கண்ணாடித் தொழிற்சாலையில் ஷீட்டுகளை அடுக்குவதும் நகர்த்துவதும்: முழுமையான வழிகாட்டி

144-க்கு 96 அங்குலத்தில் 12 மி.மீ. ஷீட் ஒன்று சுமார் 268 கிலோ இருக்கும். அதை ஆறு பேர் கூடித் தூக்கும் பட்டறைகளும் உண்டு, ஒரே ஆள் பட்டனை அழுத்தி நகர்த்தும் தொழிற்சாலைகளும் உண்டு. இரண்டு இடத்திலும் கட்டிங் டேபிள் சும்மா நிற்பதைப் பார்க்கலாம். டேபிள்காரர் 8 மி.மீ. கிளியர் கேட்டிருப்பார். அது ஸ்டாண்டில் இருக்கும், ஆனால் அதற்கு முன்னால் நான்கு பிரவுன் டின்ட் ஷீட்டுகள் நிற்கும். அந்த நான்கையும் நகர்த்தி, 8 மி.மீ. ஷீட்டை எடுத்து, நான்கையும் திரும்ப வைக்கும் வேலைக்கு எந்த வாடிக்கையாளரும் பணம் தருவதில்லை. பெரிய விபத்துகள் நடப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு சிக்கலைச் சுற்றியே போகிறது: வேண்டாத ஷீட்டைத் தொடாமல் வேண்டிய ஷீட்டை எடுப்பது எப்படி? ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு செயின்ட் கோபெய்னின் ஃப்ளோட் (தட்டைக் கண்ணாடி தயாரிக்கும்) ஆலை வந்த பிறகு சென்னையைச் சுற்றிக் கட்டிங், டஃபனிங் (ஃபர்னஸில் சூடாக்கி வேகமாகக் குளிர்வித்து உறுதியாக்குதல்), டபுள் கிளேசிங் (இரண்டு கண்ணாடிகளை இடைவெளி விட்டு ஜோடியாக்குதல்) எல்லாம் செய்யும் யூனிட்டுகள் நிறையப் பெருகின. அப்படிப்பட்ட ஒரு நடுத்தர யூனிட்டை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

படி 1: எடையைச் சுவரில் எழுதுங்கள், தொடுகையை எண்ணுங்கள்

கண்ணாடியின் எடைக்கு ஒரே கணக்குப் போதும். ஒரு சதுர மீட்டர், ஒரு மி.மீ. தடிமன் என்றால் 2.5 கிலோ. ஆக 6 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 15 கிலோ, 12 மி.மீ. என்றால் 30 கிலோ. 144-க்கு 96 ஷீட்டின் பரப்பு ஏறத்தாழ 8.9 சதுர மீட்டர். அதன்படி 5 மி.மீ. ஷீட் 111 கிலோ, 6 மி.மீ. 134, 8 மி.மீ. 178, 10 மி.மீ. 223, 12 மி.மீ. 268. 6000-க்கு 3210 மி.மீ. ஜம்போ ஷீட் வாங்குபவர்களுக்கு 6 மி.மீ. ஒன்றே 289 கிலோ, 12 மி.மீ. என்றால் 578 கிலோ. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் ஸ்டாண்டுகளுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். "இதை நாலு பேர் தூக்கிடலாம்" என்ற பேச்சு பாதி அங்கேயே நின்றுவிடும்.

அடுத்த வேலைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு ஆர்டரைத் தேர்ந்தெடுத்து, அதன் ஒரு துண்டை லாரியிலிருந்து டெலிவரி வரை பின்தொடருங்கள். யாராவது அதைத் தூக்கும்போதும், வைக்கும்போதும், ஓரமாகத் தள்ளும்போதும் ஒரு கோடு போடுங்கள். மெஷினில் ஏற்றுவதும் இறக்குவதும் தவிர்க்க முடியாதவை, அவற்றை ஒரு பக்கம் வையுங்கள். "வழி விட", "தேட", "இப்போதைக்கு இங்கே வைக்க" என்று நடந்த தொடுகைகளை மறுபக்கம் எழுதுங்கள். இரண்டாவது பட்டியல்தான் நீங்கள் குறைக்க வேண்டியது. புது கிரேன் வாங்குவதற்கு முன்னால் இந்தப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேவையில்லாத தொடுகையை வேகமாகச் செய்ய ஒரு கிரேன் வாங்கியிருப்பீர்கள்.

படி 2: ஓட்டத்தை ஒரே திசையில் வையுங்கள்

லாரி வரும் கதவு ஒரு பக்கம், டெலிவரி போகும் கதவு மறுபக்கம், நடுவில் ஸ்டோர், கட்டிங், கிரைண்டிங், ஹோல் போடுதல், வாஷிங், ஃபர்னஸ் என்று வரிசை. இடம் நீளவாக்கில் இல்லாதவர்கள் 'ப' வடிவில் போடலாம். எதுவானாலும் முழு ஷீட் போகும் பாதையும் முடிந்த கண்ணாடி போகும் பாதையும் குறுக்கிடக் கூடாது. இரண்டு டிராலி எதிரெதிரே வந்து ஒன்று பின்வாங்குகிற இடத்தில்தான் மூலை உடையும்.

ஸ்டோர் கட்டிங் டேபிளுக்கு ஒட்டியே இருக்கட்டும். அதிலும் வேகமாகப் போகும் சரக்கு டேபிளுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். 5, 6, 10, 12 மி.மீ. கிளியர் தினமும் ஓடும். ரிஃப்ளெக்டிவ், டின்ட், ஃப்ராஸ்டட், மிரர் எல்லாம் எப்போதாவது கேட்பார்கள், அவை பின்வரிசைக்குப் போகட்டும். மூன்று மாத விற்பனைப் பில்லைப் பார்த்தாலே எது எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. 6 மி.மீ. ஷீட் 18 இருக்கும் ஒரு பேக் 2.4 டன் வரும். நான்கு பேக் சாய்த்த ஸ்டாண்டில் பத்து டன் எடை அரை மீட்டர் அகலக் கீற்றில் நிற்கிறது. கான்கிரீட் எத்தனை தடிமன், அடியில் ஏதாவது கேபிள் வாய்க்கால் ஓடுகிறதா என்று தெரியாமல் ஸ்டாண்டை நட்டுவிடாதீர்கள். தரை ஒரு பக்கம் இறங்கினால் ஸ்டாண்டின் சாய்மானமும் சேர்ந்து மாறும். அந்தச் சாய்மானம்தான் அடுத்த விஷயம்.

படி 3: ஸ்டாண்டின் சாய்மானத்தை அளந்து பாருங்கள்

கண்ணாடியைப் படுக்க வைத்து அடுக்குவதில்லை, நிற்க வைத்துச் சாய்க்கிறோம். எவ்வளவு சாய்க்க வேண்டும்? 5 முதல் 7 டிகிரி வரை பழக்கம். அதைவிட அதிகமானால் பின்னால் இருக்கும் ஷீட்டின் மேல் சுமை கூடும், இடமும் வீணாகும். குறைந்தால் ஷீட் முன்னால் வந்துவிடும்.

5 டிகிரி சாய்ந்து நிற்கும் 134 கிலோ ஷீட்டை மேல் விளிம்பில் பிடித்து நிமிர்த்த எவ்வளவு இழுக்க வேண்டும்? கிட்டத்தட்ட 6 கிலோ. ஒரு பக்கெட் தண்ணீரைவிடக் குறைவு. அதே ஷீட் 2 டிகிரியில் நின்றால் 2 கிலோவுக்குச் சற்று மேல் போதும். வாசல் வழியே அடிக்கும் காற்றோ, உரசிப் போகும் ஒரு தோளோ அந்த வேலையைச் செய்துவிடும்.

அளக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஸ்டாண்டின் முதுகில் ஒரு மீட்டர் உயரத்தில் தூக்குக்குண்டு நூலை வைத்துத் தொங்க விடுங்கள். அடியில் நூலுக்கும் முதுகுச் சட்டத்துக்கும் இடையே சுமார் 9 செ.மீ. இருந்தால் 5 டிகிரி. 5 செ.மீ. தான் இருக்கிறது என்றால் அது 3 டிகிரி, அந்த ஸ்டாண்டை இன்றைக்கே காலி செய்யுங்கள். லோக்கல் வெல்டிங் பட்டறையில் கண் மதிப்பில் செய்த ஸ்டாண்டுகளில் இது அடிக்கடி தட்டுப்படும்.

கண்ணாடியின் அடி உட்காரும் தட்டு முதுகுக்கு நேர் 90 டிகிரியில் இருக்க வேண்டும், தரைக்கு இணையாக அல்ல. தட்டு தரைக்கு இணையாக இருந்தால் ஒவ்வொரு ஷீட்டும் ஒரே ஒரு விளிம்பில் முழு எடையையும் தாங்கும், சிப் விழும். தட்டிலும் முதுகிலும் ரப்பர் கட்டாயம். ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பட்டை நீடித்து உழைக்கும். கோணியையோ பழைய கார்பெட்டையோ போடாதீர்கள். அவை ஈரத்தையும் கண்ணாடித் தூளையும் பிடித்து வைத்துக்கொள்ளும், தூள் அடுத்த ஷீட்டில் கீறல் போடும். ஸ்குரூவின் தலை ரப்பருக்கு மேலே எட்டிப் பார்க்கிறதா என்று மாதம் ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள். கண்ணாடிக்கு இரும்பு பட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, ஃபர்னஸுக்குள் போனதும் வெடிக்கும்.

ஒரு பக்கம் மட்டும் ஏற்றும் எல் ஸ்டாண்ட் சுவரோரத்துக்கு நல்லது, தரையில் போல்ட் அடித்திருக்க வேண்டும். இரு பக்கமும் ஏற்றும் ஏ ஃபிரேமில் இரண்டு பக்க எடையும் சமமாக ஏற வேண்டும், சமமாக இறங்கவும் வேண்டும். ஒரு பக்கத்தைக் காலி செய்துவிட்டு மறுபக்கம் டன் கணக்கில் விட்டு வைத்தால் ஸ்டாண்டே கவிழும்.

படி 4: லாரியிலிருந்து இறக்குதல்

லாரி நிற்கும் இடம் சமமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 5 டிகிரி சாய்வில் கட்டி வந்த சரக்கு, லாரி பக்கவாட்டில் 3 டிகிரி சரிந்து நின்றால் ஒரு பக்கத்தில் 2 டிகிரியாகிவிடும். மேலே சொன்ன 2 கிலோ கணக்கு நினைவிருக்கட்டும். மழைக்காலத்தில் மண் தரையில் ஒரு சக்கரம் புதைந்தாலே இது நடந்துவிடும்.

கட்டுகளை அவிழ்ப்பதில்தான் உயிர் இருக்கிறது. எல்லாப் பெல்ட்டையும் மொத்தமாக அவிழ்க்கக் கூடாது. கிரேனின் கொக்கி ஒரு பேக்கைப் பிடித்து, தூக்கும் பெல்ட் இறுகிய பிறகு அந்த ஒரு பேக்கின் கட்டை மட்டும் அவிழ்க்க வேண்டும். அடுத்தது மறுபக்கத்திலிருந்து. டிரைவர் கேபினுக்குள் போய்விடலாம், அல்லது கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குப் போய்விடலாம். சரக்குக்கும் லாரியின் பக்கப் பலகைக்கும் நடுவே அவர் நிற்கக் கூடாது. கன்டெய்னரில் வரும் இறக்குமதிச் சரக்கு இன்னும் மோசம். உள்ளே ஓடித் தப்பிக்க இடமே இல்லை. மரச் சட்டங்களைக் கழற்றும்போது கண்ணாடி விழக்கூடிய பக்கத்தில் ஒரு ஆள் கூட இருக்கக் கூடாது.

பெல்ட் ஸ்லிங் (தூக்கும் பட்டை) பயன்படுத்தினால் விளிம்பு படும் இடத்தில் உறை போடுங்கள். கண்ணாடியின் வெட்டு விளிம்பு நைலானைச் சத்தமில்லாமல் அறுத்துக்கொண்டே இருக்கும். தொங்கும் பேக்கைக் கையால் திருப்பாதீர்கள். இரு முனையிலும் கயிறு கட்டித் தூரத்திலிருந்து திருப்புங்கள். கிரேன், ஸ்லிங் எல்லாவற்றையும் தகுதியுள்ள ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே உள்ள விதி. ஆடிட் வரும்போது மட்டும் தேடி எடுக்கும் காகிதமாக அதை வைத்திருக்காதீர்கள்.

இறக்கியதும் பேக்கின் நான்கு மூலைகளையும் டார்ச் அடித்துப் பார்த்து, குறை இருந்தால் லாரி கிளம்பும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள்.

படி 5: ஒரு ஸ்லாட்டுக்கு ஒரே சரக்கு

முழு வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும் செய்ய உங்களுக்கு நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். ஒரு ஸ்லாட்டில் ஒரே தடிமன், ஒரே நிறம், ஒரே அளவு. கலக்கவே கூடாது.

கலந்தால் என்ன ஆகும்? பின்னால் இருக்கும் ஷீட்டை எடுக்க, முன்னால் இருப்பவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, முன்பக்கம் சாய்த்து, ஒருவரோ இருவரோ நெஞ்சால் தாங்கிக்கொண்டு நிற்பார்கள். மூன்றாவது ஆள் நடுவில் கையை விட்டுத் தேடுவார். புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவது போல லேசான வேலையாகத் தெரியும். இப்போது கணக்கைப் பாருங்கள். 134 கிலோ ஷீட் ஐந்து சேர்ந்தால் 670 கிலோ. அவை நிமிர்ந்த நிலையைத் தாண்டி ஆளின் பக்கம் 5 டிகிரி வந்துவிட்டால், நெஞ்சு உயரத்தில் தாங்க கிட்டத்தட்ட 59 கிலோ விசை வேண்டும். 10 டிகிரி வந்தால் 118 கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் கூடிக்கொண்டே போகும். தடுமாறுவதற்கும் விழுவதற்கும் நடுவே கூப்பிட்டுச் சொல்லக்கூட நேரம் இருக்காது. முதல் இரண்டு ஷீட்டை லேசாகத் தாங்கிப் பழகிய கைக்கு, ஐந்தாவது வரும்போது நிலைமை மாறிவிட்டது தெரியாது.

ஆகவே ஷீட்டுகளைப் புரட்டித் தேடுவதைத் தடை செய்யுங்கள். தடை என்று போர்டு மாட்டினால் போதாது, புரட்ட வேண்டிய தேவையே வராதபடி ஸ்லாட்டுகளைப் பிரியுங்கள். "எங்களிடம் முப்பது வகை இருக்கிறது, ஸ்டாண்ட் பத்துதான்" என்பீர்கள். சரி, அப்படியானால் ரெயிலில் ஓடும் டிராயர் ரேக் பற்றி யோசியுங்கள். எல்லா வகையும் ஒட்டி ஒட்டி நிற்கும், வேண்டிய ஸ்லாட்டை மட்டும் வெளியே இழுத்துக்கொள்ளலாம். நடைபாதை ஒன்று போதும் என்பதால் அதே இடத்தில் கூடுதல் வகைகள் கொள்ளும். அதற்குப் பணம் இல்லையென்றால் வகைகளைக் குறையுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் கேட்கும் டின்ட்டை ஸ்டாக் வைக்காமல், ஆர்டர் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம். சென்னைப் பக்கம் இருந்தால் மொத்த வியாபாரியிடமிருந்து சரக்கு வர அதிக நேரம் ஆகாது.

அளவு கலக்க வேண்டிய கட்டாயம் வந்தால், பெரியது பின்னால், சிறியது முன்னால். சிறிய ஷீட்டின் மேல் பெரியதைச் சாய்த்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வளையும், சிறியதன் விளிம்பு பெரியதன் முதுகில் ஒரே கோட்டில் அழுத்தும். அதே போல, வைக்கும்போது அடி முதலில் தட்டில் உட்கார வேண்டும், அப்புறம்தான் முதுகு சாய வேண்டும்.

ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஒரு விலாசம் கொடுங்கள். வரிசைக்கு எழுத்து, இடத்துக்கு எண்: அ-3, ஆ-7 என்று. ஸ்டாக் எடுக்க ஷீட்டைப் பிரித்து எண்ண வேண்டாம். பேக்கின் தடிமனை டேப்பில் அளந்து ஷீட் தடிமனால் வகுங்கள். 108 மி.மீ. இருந்தால் 6 மி.மீ. ஷீட் 18. ஷீட்டுக்கு 0.2 மி.மீ. வித்தியாசம் வந்தால் 18 ஷீட்டில் அது 3.6 மி.மீ., அதாவது அரை ஷீட்டுக்கு மேல், எண்ணிக்கை ஒன்று தப்பலாம். நடுவே பேப்பர் வைத்த சரக்குக்கு மட்டும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய சரக்கு முதலில் போக வேண்டும். ஒரே வகைக்கு இரண்டு ஸ்லாட் கொடுத்தால் இது தானாக நடக்கும். ஒன்று காலியாகும் வரை மற்றதைத் தொடாதீர்கள். ஒரே ஸ்லாட்டில் புதிய பேக்கைப் பழையதன் முன்னால் சாய்த்தால் பின்னால் இருப்பது வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். கிடந்தால் என்ன, கண்ணாடி கெட்டா போகும் என்று கேட்பவர்கள் உண்டு. கெட்டுப் போகும்.

படி 6: ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

இரண்டு ஷீட்டுக்கு நடுவே சிக்கிய ஈரம் கண்ணாடியிலிருந்து சோடியத்தை வெளியே இழுக்கும். தண்ணீர் கொஞ்சமாக இருப்பதால் அது வேகமாகக் காரமாகும். காரம் ஏறிய தண்ணீர் கண்ணாடியின் சிலிக்காவையே அரிக்க ஆரம்பிக்கும். முதலில் எண்ணெய் பட்டது போல வானவில் நிறம் தெரியும். அந்தக் கட்டத்தில் பாலிஷ் பவுடர் போட்டுத் தேய்த்தால் சில நேரம் போகும். வெள்ளைப் புகையாக மாறிவிட்டால் அந்த ஷீட் முடிந்தது. திறந்த இடத்தில் மழை பட்டுக் காய்ந்த கண்ணாடிக்கு இது வராது, ஒட்டி அடுக்கியதற்குத்தான் வரும்.

உற்பத்தியாளர்கள் ஷீட்டுகளுக்கு நடுவே தூவி அனுப்பும் நுண்ணிய பவுடர் இதற்காகத்தான். அதில் உள்ள பிளாஸ்டிக் மணிகள் இடைவெளி விடும், கூடவே இருக்கும் லேசான அமிலம் காரத்தை முறிக்கும். ஆகவே "தூசி" என்று அதை ஊதித் தள்ளாதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைப் பக்கத்தில் கவனம் கூடுதலாக வேண்டும். ராத்திரி குளிர்ந்த கண்ணாடி மேல் காலையில் கதவைத் திறந்ததும் ஈரக்காற்று பட்டால் வேர்க்கும். ஸ்டோர் பக்கக் கதவை மழை நாளில் திறந்து வைக்காதீர்கள். வெளிச்சுவரிலிருந்து ஸ்டாண்டைத் தள்ளி வையுங்கள். லேமினேஷன் அறையின் ஏசியிலிருந்து வெளியே வரும் கண்ணாடியும் இப்படித்தான் வேர்க்கும், அதை உடனே ஒன்றோடொன்று ஒட்டி அடுக்க வேண்டாம். வாஷிங் மெஷினில் காற்றை ஊதித் தண்ணீரை வழிக்கும் ஏர் நைஃப் சரியாக ஊதுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். கீழ் விளிம்பில் ஒரு துளி தொங்கிக்கொண்டு வந்தால்கூட அடுக்கியதும் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஏறிவிடும்.

பேக் நனைந்துவிட்டால் தார்ப்பாய் போட்டு மூடி "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். அன்றே பிரித்து, கழுவி, காயவைத்து, புதிய பேப்பர் வைத்து அடுக்குங்கள். முடியாவிட்டால் அந்தப் பேக்கையே முதலில் கட்டிங்குக்கு அனுப்புங்கள்.

சாஃப்ட் கோட் லோ-ஈ கண்ணாடிக்கு (வெப்பத்தைத் தடுக்க மெல்லிய வெள்ளிப் பூச்சு பூசியது) இந்த விதிகள் எல்லாம் இரட்டிப்பு. அதன் வெள்ளிப் பூச்சு ஈரக்காற்றிலேயே கறுக்கும். சீல் செய்த பேக்கைக் கட் செய்யப் போகும் நாளில் மட்டும் திறங்கள். உற்பத்தியாளர் கொடுத்த கெடுவைப் பேக்கின் மேலேயே மார்க்கரில் எழுதுங்கள். பூச்சு இருக்கும் பக்கத்தை வெறும் கையால் தொடக் கூடாது, சக்ஷன் கப் (காற்றை உறிஞ்சிக் கண்ணாடியைப் பிடிக்கும் ரப்பர் கப்) வைக்கக் கூடாது. வைத்தே ஆக வேண்டுமென்றால் கப்புக்குச் சுத்தமான உறை போட்டு வையுங்கள்.

படி 7: தூக்குதல்

கையால் தூக்குவதற்கு ஒரு எல்லை போடுங்கள். என் கணக்கு ஆளுக்கு 25 கிலோ. ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் 12 மி.மீ. கதவு 60 கிலோ வரும், அது இரண்டு பேருக்கான வேலை அல்ல. அதற்குள் அடங்குவதைத் தூக்கும்போது கண்ணாடியை நிற்க வைத்தே தூக்க வேண்டும். படுக்கையாகப் பிடித்தால் தன் எடையிலேயே வளைந்து நடுவில் முறியும்.

சக்ஷன் லிஃப்டரின் கணக்கைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 25 செ.மீ. விட்டமுள்ள கப் ஒன்று 60 சதவீத வேக்கத்தில் (வெற்றிடத்தில்) 300 கிலோவை இழுத்துப் பிடிக்கும் என்று கணக்குச் சொல்லும். நான்கு கப் என்றால் 1200 கிலோ. ஆனால் அது கண்ணாடி படுக்கையாக இருந்து நேராக மேலே தூக்கும்போது. நிற்க வைத்த கண்ணாடி கப்பிலிருந்து கீழே வழுக்கப் பார்க்கிறது, அதைத் தடுப்பது உராய்வு மட்டுமே. உராய்வைப் பாதி என்று வைத்தால் 600 கிலோ. ஐரோப்பிய விதிகள் சொல்வது போலக் குறைந்தது இரு மடங்கு பாதுகாப்பு வைத்தால் மீதி 300. நம்முடைய 268 கிலோ ஷீட்டுக்கு அது சரியாகத்தான் போதும். கண்ணாடி ஈரமாக இருந்தாலோ பவுடர் ஒட்டியிருந்தாலோ போதாது. கப் வைக்கும் இடத்தைத் துடைப்பது சுத்தத்துக்காக மட்டும் இல்லை என்பதை லிஃப்டர் ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கைக் காட்டியே சொல்லுங்கள்.

வாங்கும்போது இரண்டு தனித்தனி வேக்கம் லைன், கரண்ட் போனாலும் பிடித்து வைத்திருக்கும் டேங்க், வேக்கம் இறங்கினால் கத்தும் அலாரம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் காலையில் ஒரு ஷீட்டைப் பிடித்து, பம்பை நிறுத்தி, சில நிமிடம் முள்ளைப் பாருங்கள். இறங்கினால் கப்பின் உதடு எங்கோ அறுந்திருக்கிறது. ஷீட்டைத் தூக்கும்போது முதலில் ஐந்து செ.மீ. மட்டும் தூக்கி நிறுத்திப் பார்த்து அப்புறம் நகருங்கள். பம்ப் பொருத்திய கைக் கப்பில் சிவப்புக் கோடு வெளியே தெரிந்தால் காற்று உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், உடனே இறக்க வேண்டும். ஃப்ராஸ்டட், பேட்டர்ன் கண்ணாடியில் கரடான பக்கத்தை நம்பவே வேண்டாம்.

கண்ணாடி விழ ஆரம்பித்தால் விட்டுவிட்டு விலக வேண்டும். கையைக் கொடுத்துப் பிடிக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய. நஷ்டத்துக்குத் திட்டு விழும் என்ற பயம்தான் காரணம். உடைந்த ஷீட்டுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் இடத்தில் இந்த விதி வேலை செய்யாது. வெட்டுத் தாங்கும் கையுறை, மணிக்கட்டு உறை, ஏப்ரன், சேஃப்டி ஷூ எல்லாம் இருக்கட்டும், இந்தப் பிடித்தத்தை முதலில் நிறுத்துங்கள்.

ஸ்டாண்டில் நிற்கும் ஷீட்டில் விரிசல் தெரிந்தால் அதை அப்படியே உருவக் கூடாது. விரிசலின் குறுக்கே இரு பக்கமும் அகலமான டேப் ஒட்டி, விரிசலின் இருபுறமும் கப் படும்படி லிஃப்டரில் பிடித்து வெளியே எடுங்கள். மேல் துண்டு கத்தி போலக் கீழே இறங்குவது இந்த மாதிரி நேரத்தில்தான்.

படி 8: வெட்டிய பிறகு ஸ்லாட் டிராலி

ஒரு முழு ஷீட் டேபிளில் ஏறி இருபது துண்டாக இறங்கும். குழப்பம் அங்கே ஆரம்பிக்கிறது. கட்டிங் சாஃப்ட்வேர் வீணாகும் கண்ணாடியைக் குறைக்கத்தான் வரிசை போடும். அடுத்துள்ள ஃபர்னஸுக்கு வேறு வரிசை வேண்டும், டபுள் கிளேசிங் லைனுக்கு இன்னொன்று. துண்டுகளை ஏ டிராலியில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்த்தால் கடைசியாக வைத்ததுதான் முதலில் வரும். நடுவில் இருப்பது வேண்டுமென்றால் மறுபடியும் புரட்டல்.

இதற்குத்தான் ஸ்லாட் டிராலி. மேலும் கீழும் ரப்பர் உறை போட்ட கம்பிகள், நடுவில் ஒவ்வொரு துண்டுக்கும் தனி இடம், ஒவ்வொரு இடத்துக்கும் எண். எந்த வரிசையில் வைத்தாலும் எந்த வரிசையிலும் எடுக்கலாம், கண்ணாடியோடு கண்ணாடி உரசாது. உடைக்கும் இடத்தில் நிற்பவர் லேபிளில் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணில் செருகினால் போதும். டபுள் கிளேசிங்குக்கு வெளிக் கண்ணாடியும் உள் கண்ணாடியும் இரண்டு டிராலியில் ஒரே எண்ணில் நிற்கட்டும், ஜோடி தேட வேண்டியதில்லை. ஒரே தடிமன் ஒரே டிராலியில் இருந்தால் ஃபர்னஸ்காரருக்கும் நிம்மதி, ஒரு பெட்டுக்கு (ஃபர்னஸில் ஒரு தடவை ஏற்றும் கண்ணாடிகளுக்கு) ஒரே தடிமன்தானே ஏற்ற முடியும்.

டிராலியின் சக்கரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரிய பாலியூரிதேன் சக்கரம் தரையின் விரிசலைத் தாண்டிவிடும், சின்ன இரும்புச் சக்கரம் அதிலேயே மாட்டித் துண்டுகளை எல்லாம் குலுக்கும். டிராலியை முனையிலிருந்து தள்ள வேண்டும். கண்ணாடி பார்க்கும் பக்கத்தில் யாரும் கூடவே நடக்கக் கூடாது.

டஃபன் ஆன பிறகு கண்ணாடியின் மூலைதான் அதன் பலவீனம். முகத்தில் ஓங்கி அடித்தாலும் தாங்கும் கண்ணாடி, தரை ஓட்டில் மூலை இடித்தால் பொடிப் பொடியாகும். ஃபர்னஸுக்கு அப்புறம் உள்ள ஸ்டாண்டுகளில் கார்க் பேட் வையுங்கள், மூலைக்கு அட்டை மாட்டுங்கள். இந்தக் கட்டத்தில் உடைந்தால் கண்ணாடியோடு கட்டிங், கிரைண்டிங், ஹோல், கரண்ட் என்று போட்ட செலவு முழுவதும் போகிறது.

படி 9: மீதித் துண்டுகள்

எல்லாத் தொழிற்சாலையிலும் ஒரு மூலையில் "எப்போதாவது உதவும்" துண்டுகள் நிற்கும். பாதிக்கு அளவு எழுதியிருக்காது, சிலவற்றுக்குத் தடிமனே தெரியாது. ஒரு குறைந்தபட்ச அளவை முடிவு செய்யுங்கள், அதற்குக் கீழே உள்ளது நேராகக் கல்லட் (உடைசல் கண்ணாடி) தொட்டிக்குப் போகட்டும். வைப்பதற்கு ஒரே ஒரு ஸ்லாட் ரேக், அளவும் தடிமனும் எழுதிய லேபிள், கட்டிங் சாஃப்ட்வேரில் பதிவு. ரேக் நிறைந்துவிட்டால் புதிது உள்ளே வர பழையது ஒன்று வெளியே போக வேண்டும். கல்லட் தொட்டியில் சாதாரண ஃப்ளோட்டையும் லேமினேட்டட், மிரர் துண்டுகளையும் கலக்காதீர்கள், வாங்குபவர் விலையைக் குறைத்துவிடுவார்.

படி 10: டெலிவரி

சைட்டில் முதலில் வேண்டியது லாரியில் கடைசியாக ஏற வேண்டும். மூன்றாவது மாடிக்கு முதலில் போட வேண்டிய கண்ணாடி தரைத்தளக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றால், நீங்கள் தொழிற்சாலையில் ஒழித்த புரட்டல் சைட்டில் நடக்கும். அங்கே தரையும் சமமில்லை, காற்றும் அடிக்கும். ஆகவே ஸ்டாண்டில் ஏற்றும் வரிசையை சைட் சூப்பர்வைசரிடம் முந்தின நாளே கேட்டு வாங்குங்கள். கண்ணாடிகளுக்கு நடுவே கார்க், மேலே குறுக்குச் சட்டம், இரு பக்கமும் சம எடை. கிளம்பிச் சில கிலோமீட்டர் போனதும் டிரைவர் ஒரு முறை இறங்கிப் பெல்ட்டை இறுக்கிப் பார்க்கட்டும், முதல் ஓட்டத்திலேயே கண்ணாடி உட்கார்ந்து கட்டு தளர்ந்துவிடும்.

கண்ணாடியோடு போன ஸ்டாண்ட் திரும்பி வருவது தனிப் பிரச்சினை. சைட்டில் அதன் மேல் சிமென்ட் மூட்டை அடுக்கியிருப்பார்கள், சாரம் கட்ட ஒரு காலை அறுத்தும் இருப்பார்கள். ஸ்டாண்டுக்கு எண் போட்டு டெலிவரி சலானிலேயே எழுதுங்கள், டெபாசிட் வாங்குங்கள். திரும்பி வந்ததும் ரப்பரையும் சாய்மானத்தையும் பார்த்த பிறகே அதை உள்ளே விடுங்கள். தூக்குக்குண்டு நூல் கேட் பக்கத்திலேயே ஒன்று தொங்கட்டும்.